ஏர் ஆணுக்கு, நாற்று பெண்ணுக்கு: ‘காலங்காலமான’ வேலைப் பிரிவினையை ஆய்வாளர்கள் எப்படித் துருவுகிறார்கள்?

காவிரிப் படுகையில் நடவு நேரத்தில் ஒரு வயலைப் பார்த்தால் வேலைப் பிரிவினை கண்ணுக்கு நேராகத் தெரியும். ஏர் பிடிப்பது, இப்போது டிராக்டர் ஓட்டுவது, வரப்பு அண்டை வெட்டுவது எல்லாம் ஆண்கள். நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண்கள். கூலியும் அப்படியே பிரிந்து கிடக்கும்: ஆண் கூலி, பெண் கூலி என்று பேச்சிலேயே இரண்டு விலை. ஏன் இப்படி என்று கேட்டால், “காலங்காலமா அப்படித்தான்” என்பார்கள்.

ஆய்வாளர்களுக்கு வேலை அந்தப் பதிலில் இருந்துதான் ஆரம்பிக்கிறது. எந்தக் காலத்தில் இருந்து? எல்லா ஊரிலும் இப்படித்தானா? யாராவது சட்டம் போட்டார்களா? மீறினால் என்ன ஆகும்? மானுடவியல், தொல்லியல், பொருளியல், வரலாறு, உளவியல், சட்டம் எனப் பல துறைகள் இந்தக் கேள்விகளைத் தத்தம் கருவிகளோடு அணுகுகின்றன. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு எல்லோரும் ஒரே விஷயத்தை ஆராய்வதுபோலத் தோன்றும். நெருங்கிப் பார்த்தால் ஒருவர் எலும்பைத் தேடுகிறார், இன்னொருவர் நிமிடங்களை எண்ணுகிறார், மூன்றாமவர் மனதில் உள்ள படத்தைத் தேடுகிறார். நாளிதழில் “ஆதிகாலத்தில் பெண்களும் வேட்டையாடினார்கள்: ஆய்வில் தகவல்” என்று ஒரு நாளும், அதற்கு நேர்மாறாக மறுநாளும் செய்தி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மரபான பங்கு என்று இங்கே சொல்வதில் மூன்று அடுக்கு இருக்கிறது. இன்ன வேலையை இன்னார்தான் செய்வார் என்ற எதிர்பார்ப்பு முதலாவது. சின்ன வயதில் இருந்தே அதற்குப் பழக்கிவிடுவது இரண்டாவது. மீறினால் வரும் கேலி, ஒதுக்கல், தண்டனை மூன்றாவது. பெண் கலப்பையைத் தொடக் கூடாது என்ற விலக்கு இந்தியாவின் பல பகுதிகளில் இருந்திருக்கிறது. கிழக்கு இந்தியப் பழங்குடிகளான சந்தால் மக்களிடம் இருந்ததை இனவரைவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படி ஒரு விலக்கு தேவைப்பட்டதே ஒரு தடயம்தான். உடலால் முடியவே முடியாத வேலைக்கு யாரும் தடை போடுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். “நடவு பெண்கள் வேலை” என்று சொல்லும்போது எந்தப் பெண்கள் என்பது விழுங்கப்படுகிறது. டெல்டாவில் நிலம் வைத்திருந்த மேல்சாதி வீட்டுப் பெண்கள் சேற்றில் இறங்கியதில்லை. இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள். சாதியை விட்டுவிட்டு ஆண், பெண் என்று மட்டும் பேசும் எந்த ஆய்வும் நம் ஊரில் அரைக்கிணறுதான் தாண்டும்.

உலகம் முழுக்க எண்ணிப் பார்த்தால்

இது இயற்கையா, பழக்கமா என்று சோதிக்க மானுடவியலில் ஒரு நேரடி வழி உண்டு: நிறையச் சமூகங்களை எடுத்து ஒப்பிடுவது. 1973-ல் ஜார்ஜ் பீட்டர் மர்டாக், கேட்டரினா ப்ரோவோஸ்ட் என்ற இருவர் 185 சமூகங்களில் 50 வகையான வேலைகளை எடுத்துக்கொண்டு, எங்கே யார் செய்கிறார்கள் என்று அட்டவணை போட்டார்கள். உலோகத் தாது உருக்குவது, கடலில் பெரிய விலங்குகளை வேட்டையாடுவது போன்ற சில வேலைகள் தகவல் கிடைத்த எல்லா இடத்திலும் ஆண்கள் கையில் இருந்தன. பெண்கள் மட்டுமே செய்கிறார்கள் என்று சொல்லத்தக்க தொழில்நுட்ப வேலை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சமையல்கூட! பெரும்பாலான சமூகங்களில் பெண்கள்தான் சமைத்தார்கள், ஆனால் எல்லாவற்றிலும் இல்லை.

எனக்கு இந்தப் பட்டியலில் சுவாரசியமானவை நடுவில் இருக்கும் வேலைகள். நெசவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் தென்மேற்கில் ஹோப்பி மக்களிடம் நெசவு ஆண்களுடைய வேலை. பக்கத்திலேயே வாழும் நவாஹோ மக்களிடம் அது பெண்களுடையது. இந்தியாவுக்குள்ளும் இதே கதைதான். காஞ்சிபுரத்தில் தறிக்குழியில் உட்கார்ந்தவர் பெரும்பாலும் ஆண். இழை சுற்றுவதும் தார் போடுவதும் வீட்டுப் பெண்கள். அசாமுக்குப் போனால் தறியே பெண்ணுடையது. மண்பாண்டமும் அப்படித்தான்: நம் ஊரில் சக்கரத்தைச் சுற்றுபவர் ஆண், மணிப்பூரின் ஆந்த்ரோ கிராமத்தில் சக்கரமே இல்லாமல் கையால் பானை வனைபவர்கள் பெண்கள். இரண்டு இடத்திலும் கேட்டால் “எங்கள் பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம்” என்றுதான் சொல்வார்கள். இருவரும் சொல்வது உண்மையே. ஒருவர் வழக்கம் மனித இயற்கை ஆகிவிடாது என்பதும் உண்மை.

இந்த வேறுபாடுகளுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறதா என்று தேடியவர் ஜூடித் பிரவுன். 1970-ல் அவர் வைத்த வாதம் எளிமையானது. கைக்குழந்தையோடு இருப்பவர் எந்த வேலையைச் செய்ய முடியும்? இடையில் நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடரக்கூடியது, ஆபத்து குறைவானது, வீட்டை விட்டு வெகுதூரம் போகத் தேவையில்லாதது. நூற்பு, களையெடுப்பு, சமையல் எல்லாம் இந்த வலைக்குள் விழுகின்றன. நூற்பதைப் பொறுத்தவரை சங்கப் பாடலிலேயே, புறநானூற்றின் 125-ஆம் பாட்டில், பருத்தி நூற்கும் பெண் வருகிறாள். பிரவுனின் விளக்கம் பல இடங்களில் பொருந்துகிறது. ஆனால் பாட்டி, அத்தை, அக்கா என்று குழந்தையைப் பார்க்க ஆள் இருக்கும் குடும்பத்திலும் இதே பிரிவினை ஏன் நீடிக்கிறது என்பதற்கு அதில் பதில் இல்லை. பிலிப்பைன்ஸின் ஆக்தா மக்களிடம் பெண்கள் வில்லோடு காட்டுக்குள் போய் வேட்டையாடுவது 1980களின் தொடக்கத்தில் விரிவாகப் பதிவானது. குழந்தை வளர்ப்பு அங்கே நின்றுபோகவில்லை.

எலும்பு சொல்வதும் சொல்லாததும்

தொல்லியலாளருக்கு யாரையும் கேட்க முடியாது. எலும்பும் அருகில் கிடக்கும் பொருளும்தான் சாட்சி. ஸ்வீடனில் பிர்கா என்ற பழைய வைக்கிங் ஊரில் 1878-ல் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், இரண்டு குதிரைகள், விளையாட்டுக் காய்கள் எல்லாம் இருந்தன. படைத்தலைவன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் அப்படியே பாடம். 2017-ல் மரபணுச் சோதனை செய்தபோது அந்த உடல் பெண்ணுடையது என்று தெரிந்தது. அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அதுவரை வாள் இருந்ததால் போர்வீரன் என்று ஏற்றுக்கொண்டவர்களில் சிலர், வாள் இருந்தால் மட்டும் போர்வீரர் ஆகிவிடுமா என்று கேட்கத் தொடங்கினார்கள். நல்ல கேள்வி. 1878-லேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

பெருவின் மலைப்பகுதியில் வில்லமாயா பட்ஷா என்ற இடத்தில் சுமார் 9000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புதைகுழி 2018-ல் கிடைத்தது. கூடவே பெரிய விலங்குகளை வேட்டையாடும் கருவித் தொகுதி. பல் எனாமலில் உள்ள புரதத்தை வைத்துப் பார்த்ததில் அது 17 முதல் 19 வயதுப் பெண். அந்த ஆய்வுக் குழு அதோடு நிற்காமல் அமெரிக்கக் கண்டங்களின் பழைய புதைகுழிப் பதிவுகளையும் அலசியது. வேட்டைக் கருவிகளோடு புதைக்கப்பட்டவர்கள் என்று நம்பத்தக்க 27 பேரில் 11 பேர் பெண்கள் என்று 2020-ல் அறிவித்தது.

மூன்றாண்டு கழித்து இன்னொரு குழு, 63 வேட்டைச் சமூகங்களின் பதிவுகளைப் படித்து, அவற்றில் 79 சதவீதத்தில் பெண்கள் வேட்டையாடியதற்குச் சான்று உண்டு என்று எழுதியது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. 2024-ல் வேறு மானுடவியலாளர்கள் அதே பதிவுகளைத் திரும்பப் படித்து, சமூகங்களைத் தேர்ந்தெடுத்ததிலும் வகைப்படுத்தியதிலும் கோளாறுகள் இருப்பதாக மறுத்தார்கள். பெண்கள் வேட்டையாடவே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. வருடத்தில் ஒரு தடவை முயல் அடித்ததையும், மாதம் முழுக்கக் காட்டுக்குள் போவதையும் ஒரே கட்டத்தில் டிக் போட்டால் எண்ணிக்கை எதையும் சொல்லாது என்பதுதான் அவர்களின் முக்கிய ஆட்சேபம். புதிதாக இந்தத் துறையைப் படிக்கிறவர்களுக்கு என் ஆலோசனை: சதவீதத்தைப் பார்த்தவுடன், ‘ஆம்’ என்று குறிக்க எவ்வளவு போதுமானதாக இருந்தது என்று தேடுங்கள். பாதி சண்டை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கலப்பையின் கதை

எல்லாத் துறைகளும் முட்டிக்கொள்ளும் இடம் கலப்பை. டென்மார்க் பொருளியலாளர் எஸ்தர் போஸரப் 1970-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். மண்வெட்டியும் கொத்தும் கொண்டு இடம் மாற்றி மாற்றிப் பயிரிடும் பகுதிகளில், குறிப்பாக ஆப்பிரிக்காவில், விவசாயத்தின் பெரும்பகுதி பெண்கள் கையில் இருக்கிறது. கலப்பையைக் கட்டி ஓட்டும் பகுதிகளில் அது ஆண்கள் கைக்குப் போய்விடுகிறது. மாட்டை அடக்கி மண்ணைக் கிழிக்க மேலுடம்பு வலு வேண்டும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அது ஆகாது. பெண் வீட்டுக்குள் நகர்கிறாள். காலப்போக்கில், பெண்ணின் இடம் வீடு என்பது நம்பிக்கையாகவே உறைந்துவிடுகிறது.

நாற்பது வருடம் கழித்து அல்பெர்ட்டோ அலெசினா, பாவ்லா ஜூலியானோ, நேதன் நன் மூவரும் இதைச் சோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். முன்னோர் கலப்பை விவசாயம் செய்த இனக்குழுக்களின் வாரிசுகளிடையே இன்றும் பெண்கள் வெளிவேலைக்குப் போவதும் அரசியலில் இருப்பதும் குறைவு, ஆண்பெண் சமத்துவம் பற்றிய கருத்தும் இறுக்கம் என்று கண்டார்கள். ஏற்கெனவே பெண்ணை அடக்கிய சமூகங்கள்தான் கலப்பையைத் தேர்ந்தெடுத்தனவோ என்ற சந்தேகம் வரும் அல்லவா? அதற்காக மண்ணையும் தட்பவெப்பத்தையும் பிடித்துக்கொண்டார்கள். கோதுமை, பார்லி விளையும் நிலத்தில் கலப்பை லாபம். சோளம், சிறுதானியம், கிழங்கு விளையும் நிலத்தில் அவ்வளவு லாபமில்லை. மழையும் மண்ணும் யாருடைய ஆணாதிக்கத்தையும் கேட்டு அமைவதில்லை. அப்புறம் இன்னொரு சோதனை: அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வளரும் குடியேறிகளின் பிள்ளைகள். ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே வேலைச் சந்தை. ஆனாலும் பூர்வீகத்தில் கலப்பை இருந்த குடும்பத்துப் பெண்கள் வேலைக்குப் போவது குறைவாகவே இருந்தது. கருவி போய்விட்டது, அது கற்றுக்கொடுத்த பழக்கம் தங்கிவிட்டது என்பது அவர்கள் வாதம்.

சரி, நம் நெல் வயலுக்கு இது பொருந்துமா? நெல்லும் கலப்பைப் பயிர்தான். ஆனால் நெல்லில் உழவோடு வேலை முடிவதில்லை. நாற்று விட வேண்டும், பறிக்க வேண்டும், நட வேண்டும், இரண்டு களை எடுக்க வேண்டும். இதில் பெரும்பங்கு பெண்கள். கோதுமையை விதைத்துவிட்டால் இவ்வளவு கை தேவையில்லை. 1974-ல் பொருளியலாளர் பிரணப் பர்தன் இதைப் பிடித்தார். நெல் விளையும் தெற்கிலும் கிழக்கிலும் பெண் உழைப்புக்கு மதிப்பு இருப்பதால் பெண் குழந்தைகள் பிழைக்கும் வாய்ப்பு அதிகம், கோதுமை விளையும் வடமேற்கில் குறைவு என்பது அவர் சொன்னதன் சாரம். 2014-ல் எலியானா கரான்சா மண்ணின் தன்மைக்கே போனார். வண்டல் கலந்த இலகுவான மண்ணில் ஆழ உழ முடியும். ஆழ உழுதால் நடவு, களை வேலைகள் குறையும். அவை குறைந்தால் பெண் உழைப்புக்குத் தேவை குறையும். இந்தியாவில் அப்படிப்பட்ட மண் உள்ள மாவட்டங்களில் குழந்தைகள் பாலின விகிதமும் பெண்களுக்கு எதிராகச் சாய்ந்திருந்ததை அவர் காட்டினார்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் நான் இதை முழுதாக விழுங்கத் தயாராக இல்லை. தமிழ்நாட்டில் பெண் சிசுக்கொலைக்குப் பேர் வாங்கிய உசிலம்பட்டி, சேலம், தருமபுரிப் பக்கம் பெண்கள் வயலில் வேலை செய்யாதவர்களா? மானாவாரி நிலத்தில் மாடாக உழைத்தவர்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில்தான் தொடங்கியது. பெண்ணின் உழைப்புக்கு மதிப்பிருந்தும் பெண் குழந்தைக்கு மதிப்பில்லாமல் போனது ஏன் என்றால் வரதட்சணை, சொத்துரிமை, சொந்தத்துக்குள் கட்டுவதா வெளியில் கட்டுவதா என்பவை எல்லாம் உள்ளே வருகின்றன. டிம் டைசனும் மிக் மூரும் 1983-ல் இந்த உறவுமுறைப் பக்கத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். வடக்கில் பெண்ணை முன்பின் தெரியாத தூரத்து ஊரில் கட்டிக்கொடுக்கிறார்கள்; தெற்கில் மாமன் மகன், அத்தை மகன் என்று பக்கத்திலேயே. பிறந்த வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கும் பெண்ணுக்குக் கொஞ்சமாவது பேச்சு உரிமை மிஞ்சுகிறது என்றார்கள். மண்ணை மட்டும் பார்த்தால் உறவு தெரியாது, உறவை மட்டும் பார்த்தால் கூலி தெரியாது.

தேதி போட்ட மரபுகள்

வரலாற்றாய்வாளர் செய்யும் வேலை கொஞ்சம் குறும்பானது. “ஆதியில் இருந்தே” என்று நாம் நினைப்பதற்குத் தேதி கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவார்.

நிலக்கரிச் சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். பூமிக்கு அடியில் இறங்குவது ஆம்பளை வேலை என்று யாரும் யோசிக்காமல் சொல்வார்கள். ராணிகஞ்ச், ஜாரியா சுரங்கங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடும்பம் குடும்பமாக இறங்கினார்கள். கணவன் கரியை வெட்டுவான், மனைவி கூடையில் அள்ளிச் சுமப்பாள். 1929-ல் காலனி அரசு விதி கொண்டுவந்து படிப்படியாகப் பெண்களை வெளியேற்றியது. சுதந்திரத்துக்குப் பிறகு 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் நிலத்தடி வேலைக்குப் பெண்களைத் தடை செய்தது. 2019-ல்தான் தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்குப் பகல் நேரத்தில் பெண்கள் கீழே இறங்கலாம் என்று அனுமதி வந்தது. பெண்களைப் பாதுகாக்கத்தான் தடை என்று காரணம் சொல்லப்பட்டது. சுரங்க வேலை கொடுமையானதுதான். ஆனால் வெளியே வந்த பெண்களுக்குக் கூலி போனது, வேறு வேலை வரவில்லை. இரண்டு தலைமுறை கழிந்ததும் சட்டம் செய்தது மரபுபோல ஆகிவிட்டது.

அமெரிக்காவின் 200 ஆண்டுத் தரவுகளைத் தோண்டியதற்காக 2023-ல் பொருளியல் நோபல் பெற்ற கிளாடியா கோல்டினும் இப்படி ஒன்றைக் காட்டினார். பழைய மக்கள்தொகைக் கணக்கில் மணமான பெண்களுக்குத் தொழில் என்ற இடத்தில் ‘மனைவி’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். பண்ணையிலும் கடையிலும் அவர்கள் செய்த வேலை காணாமல் போயிருந்தது. அதைத் திருத்தியதும் படமே மாறியது: பெண்கள் வேலை செய்வது காலப்போக்கில் நேராக ஏறிக்கொண்டே வரவில்லை. தொழிற்சாலைக் காலத்தில் இறங்கி, அலுவலக வேலைகள் பெருகிய பிறகு திரும்ப ஏறியிருக்கிறது. கணவன் சம்பாதிக்க மனைவி வீட்டைப் பார்க்கும் குடும்பம் அந்தப் பள்ளத்துக்குள் உருவானது.

மனசுக்குள் என்ன நடக்கிறது

1990-ல் உளவியலாளர்கள் கர்ட் ஹாஃப்மன், நான்சி ஹர்ஸ்ட் இருவரும் ஒரு கற்பனைக் கோளை உருவாக்கினார்கள். அதில் இரண்டு கூட்டத்தார். ஒரு கூட்டத்தில் பெரும்பாலோர் குழந்தை வளர்ப்பவர்கள், இன்னொன்றில் பெரும்பாலோர் நகரத்தில் வேலை பார்ப்பவர்கள். தனித்தனி ஆட்களின் குணங்களையும் கொடுத்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் குணத்தில் வித்தியாசம் இல்லாதபடி சரிக்குச் சரி கலந்து. பிறகு, இந்தக் கூட்டத்தார் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்டார்கள். குழந்தை வளர்ப்பவர்கள் அன்பானவர்கள், பொறுமைசாலிகள். நகரத்தார் துணிச்சல்காரர்கள் என்றே பதில் வந்தது. ஏன் இப்படி வேலையைப் பிரித்திருக்கிறார்கள் என்று யோசிக்கச் சொல்லிவிட்டுக் கேட்டால் இந்தச் சாய்வு இன்னும் கூடியது.

அந்தக் கோளில் ஆண், பெண் என்ற பேச்சே இல்லை. வெறும் வேலைப் பிரிவினையைப் பார்த்து மனம் குணத்தைத் தானாக நெய்துகொண்டது. ஆலிஸ் ஈக்லி 1980களில் வளர்த்த சமூகப் பங்குக் கோட்பாடும் இதே திசையில்தான் போகிறது: ஒருவரை எந்த வேலையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறோமோ, அந்த வேலைக்கு வேண்டிய குணத்தை அவருடைய பிறவிக்குணம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இதைச் சம்பளச் சீட்டோடு இணைத்தவர்கள் டயான் எல்சன், ரூத் பியர்சன். ஆசிய நாடுகளின் ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் இளம்பெண்களை எடுப்பதற்கு முதலாளிகள் சொன்ன காரணம், அவர்களுக்கு விரல் நளினம் என்பது. 1981-ல் இவர்கள் திருப்பிக் கேட்டார்கள்: அந்த நளினம் பிறவியிலா வந்தது? வீட்டில் தையலும் பின்னலும் அம்மாவிடம் பழகி வந்தது. பாலிடெக்னிக்கில் கற்றிருந்தால் சான்றிதழும் சம்பள உயர்வும் கிடைத்திருக்கும். வீட்டில் கற்றதால் இயற்கை என்று சொல்லி இலவசமாக எடுத்துக்கொண்டார்கள். வால்பாறையிலோ நுவரெலியாவிலோ கொழுந்து பறிக்கும் பெண்களைப் பற்றியும் இதே பேச்சுத்தான். தேயிலைச் செடியின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டுவது ஆண்களின் திறமை எனப்படும், கொழுந்து பறிப்பது பெண்களின் விரல்வாகு எனப்படும். மலைச்சரிவில் கூடையைச் சுமந்தபடி நாளெல்லாம் நிற்பதற்கு விரல் மட்டும் போதுமா என்று யாரும் கேட்பதில்லை.

போட்டி மனப்பான்மை ஆணுக்கே உரியது என்பதையும் ஒரு தடவை களத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தான்சானியாவின் மாசாய் மக்கள் ஆணாதிக்கம் மிகுந்தவர்கள். மேகாலயாவின் காசி மக்களிடம் தாய்வழி. சொத்து கடைசி மகளுக்கு. இரண்டு இடத்திலும் பந்தை வாளிக்குள் எறியும் ஆட்டம் வைத்து, தனியாகக் காசு வேண்டுமா, எதிராளியோடு மோதி அதிகக் காசு வேண்டுமா என்று கேட்டார்கள். மாசாயில் மோதலைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஆண்களில் 50 சதவீதம், பெண்களில் 26. காசியில் பெண்களில் 54, ஆண்களில் 39. சிறிய ஆய்வு, இரண்டு சமூகத்துக்கும் வேறு நூறு வித்தியாசங்கள் உண்டு. ஆனாலும் ‘எங்கேயும் இப்படித்தான்’ என்று அடித்துச் சொல்வதற்கு இது ஒரு வேகத்தடை.

நிமிடக் கணக்கும் நீதிமன்றமும்

இந்தியாவில் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் 92, 93 என்று இரண்டு குறியீடுகள் உண்டு. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் 92. அதோடு வீட்டுத் தேவைக்காக விறகு பொறுக்குவது, புல் அறுப்பது, தைப்பது, நெய்வது எல்லாம் செய்பவர் 93. இருவருமே உழைப்பாளர் கணக்குக்கு வெளியே. காலை நான்கு மணிக்கு எழுந்து இரவு பத்துக்குப் படுக்கும் பெண்ணைப் புள்ளிவிவரம் ‘வேலையில் இல்லாதவர்’ பக்கம் வைப்பது இப்படித்தான்.

இதை உடைக்கக் கண்டுபிடித்த கருவி நேரப் பயன்பாட்டு ஆய்வு. என்ன தொழில் என்று கேட்பதில்லை. நேற்றுக் காலையில் இருந்து அரைமணிக்கு அரைமணி என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வது. இந்தியாவில் 1998-99-ல் ஆறு மாநிலங்களில் முன்னோட்டமாக நடத்தினார்கள், அதில் தமிழ்நாடும் ஒன்று. நாடு முழுக்க முதல் தடவையாக 2019-ல் நடந்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் அந்த ஒரு நாளில் ஈடுபட்டவர்கள் பெண்களில் 81 சதவீதம், ஆண்களில் 26 சதவீதம். ஈடுபட்டவர்கள் செலவிட்ட சராசரி நேரம் பெண்களுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம்.

இந்த எண்கள் நூலகத்தில் தூங்கவில்லை. சாலை விபத்தில் இறந்த இல்லத்தரசிக்கு வருமானம் இல்லையே, இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்வி நீதிமன்றங்களுக்குப் பழையது. ஜாம்ஷெட்பூர் தீ விபத்து வழக்கில் 2001-ல் உச்ச நீதிமன்றம் மாதம் 3000 ரூபாய் என்று ஒரு மதிப்புப் போட்டது. 2021 ஜனவரியில் இன்னொரு விபத்து வழக்கில் நீதிபதி என்.வி.ரமணா தன் தீர்ப்புரையில் அந்த 299, 97 நிமிடங்களையே எடுத்தாண்டு, வீட்டு வேலைக்குப் பொருளாதார மதிப்பு உண்டு என்று எழுதினார். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், ஊரில் இருந்து வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சமபங்கு உண்டு என்றது. சட்ட ஆய்வாளர்களுக்கு இதில் முக்கியமானது, மரபான பங்கை நீதிமன்றம் கண்டிக்கவில்லை, போற்றவும் இல்லை. அதற்கு விலை போட்டிருக்கிறது.

விலை போடுவது நல்லதா என்பதில் ஆய்வாளர்கள் இரண்டு பக்கம். வீட்டு வேலைக்குச் சம்பளம் கேட்டு 1972-ல் இத்தாலியில் தொடங்கிய இயக்கத்தில் இருந்தே இந்தச் சண்டை உண்டு. காசு கொடுத்தால்தான் அது வேலை என்று ஒப்புக்கொள்வார்கள் என்பது ஒரு பக்கம். காசு கொடுத்துவிட்டால் அதைப் பெண் தலையிலேயே நிரந்தரமாகக் கட்டிவிடுவார்கள் என்பது மறுபக்கம். அமெரிக்காவில் ஏஞ்சலா டேவிஸ் இதை வலுவாகச் சொன்னார். 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கி ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தைப் பற்றியும் அதே வாதங்கள் நம் ஊரில் கேட்கின்றன. என் சாய்வு முதல் பக்கம்தான். கையில் சொந்தமாகக் காசு இருக்கும் பெண்ணுக்குப் பேரம் பேச இடம் கிடைக்கிறது. ஆனால் காசு வந்ததும் பாத்திரம் கழுவ ஆண் எழுந்திருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அதற்கு வேறு வழி வேண்டியிருக்கும்போல. மேற்கு வங்கத்தில் ஊராட்சித் தலைவர் பதவி எந்த ஊரில் பெண்ணுக்கு என்பது கிட்டத்தட்டக் குலுக்கல் முறையில் மாறி மாறி வந்தது. எந்த ஊருக்கு வந்தது என்பதில் அந்த ஊரின் குணத்துக்குப் பங்கில்லை என்பதால், ஆய்வாளர்களுக்கு இது கேட்காமல் கிடைத்த பரிசோதனை. எஸ்தர் டுஃப்லோவும் மூன்று சக ஆய்வாளர்களும் 495 ஊர்களில் அதைப் பின்தொடர்ந்து 2012-ல் எழுதினார்கள். இரண்டு தவணை பெண் தலைவரைப் பார்த்த ஊர்களில், பெற்றோர் மகனுக்கும் மகளுக்கும் வைத்திருந்த கனவின் இடைவெளி 25 சதவீதம் குறைந்தது. வளரிளம் பிள்ளைகளிடம் 32 சதவீதம். படிப்பில் இருந்த இடைவெளி மறைந்தேபோனது. பெண் பிள்ளைகள் வீட்டு வேலைக்குச் செலவிட்ட நேரமும் குறைந்தது.

2019-க்குப் பிறகு, 2024-ல் நாடு முழுவதும் இரண்டாவது நேரப் பயன்பாட்டு ஆய்வு நடந்தது. வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்களின் சராசரி 299-ல் இருந்து 289 நிமிடமாக இறங்கியிருக்கிறது. ஆண்களின் சராசரியும் 97-ல் இருந்து 88-க்கு இறங்கிவிட்டது. இடைவெளி 202 நிமிடமாக இருந்தது, இப்போது 201.